யார் கை வைத்தது

"அம்மா, அந்தக் குருட்டுப் பய என் வேலையைக் கெடுத்துட்டான்."

மங்கையர்க்கரசி அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"அவன்தான். அந்தக் குருடன்."

"அப்படி ஒரு பேருல இங்க யாரும் இல்லையே."

தாண்டவராயன் பல்லைக் கடித்தார்.

"மாசிலாமணி."

"ம். இப்பச் சொல்லுங்க."

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் பாதி அந்தப் பெயரோடு வடிந்துவிட்டன. அதுவே அவருக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது.

தாண்டவராயனுக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்தை நடத்தும் அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கடலோர மடத்தில் எல்லோரும் அப்படித்தான்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் உள்ளே நுழையும்போதே கேட்பார்: "யாரு கை வெச்சது?" யாராவது கை வைத்துத்தான் இருப்பார்கள். வாட்ச்மேன், பெயின்டர், மாடி வீட்டுப் பிள்ளைகள். பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் டூல் பையைத் திறப்பார்.

வீட்டிலும் அதே கேள்விதான். மிக்சி ஓடாவிட்டால் கேட்பார். குழாய் ஒழுகினால் கேட்பார். மருமகளின் முகம் வாடியிருந்தாலும் அதையேதான் வேறு மாதிரி கேட்பார்.

"உங்க கோபத்தோட ஒரே வீட்டுல இருக்க முடியலைப்பா" என்று மகன் ஒருநாள் சொன்னான். குரலை உயர்த்தாமல் சொன்னான். அதைத்தான் தாண்டவராயனால் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மடத்துக்கு வந்தார்.

"கோபத்தை விடணும், அம்மா."

"தண்ணி மோட்டார் ரொம்ப நாளா மக்கர் பண்ணுது. கொஞ்சம் பாருங்க" என்றார் அம்மை.

அவருக்குக் கிடைத்த உபதேசம் அவ்வளவுதான்.

மடத்தின் வேலை ஒலிப்புத்தகம். கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடங்களை யாராவது வந்து வாசித்துக் கொடுப்பார்கள். அதைக் கணினியில் சீர்செய்து அனுப்புபவர் மாசிலாமணி. அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி அவருக்கு வாசித்துக் காட்டும். மற்றவர்களுக்குச் சுண்டெலி கீச்சிடுவது போலத்தான் கேட்கும், அவ்வளவு வேகம். வாசித்தவர் இருமியிருந்தால், வெளியே லாரி ஹாரன் அடித்திருந்தால், அந்த இடத்தை மட்டும் தழும்பு தெரியாமல் வெட்டி எடுத்துவிடுவார்.

அடுத்த வாரம் மாணவர்களுக்குத் தேர்வு. மூன்று பாடங்கள் இன்னும் வெட்டப்படாமல் கணினிக்குள் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் தாண்டவராயன் கணினியின் வெளிப்பெட்டியை, கேபினெட்டை, மாற்றினார்.

பழைய கேபினெட் உப்புக் காற்றில் துருப்பிடித்து, அடித்தகடு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு அன்பர் டவுனிலிருந்து புதிய கேபினெட் வாங்கி அனுப்பியிருந்தார்.

"பரீட்சை முடியட்டுமே, ஐயா. ஓடுறதை எதுக்கு இப்பப் பிரிக்கணும்?" என்று மாசிலாமணி சொல்லத்தான் செய்தார்.

"லிஃப்டையே பிரிச்சு மாட்டினவன்டா நான்" என்றார் தாண்டவராயன்.

எல்லாவற்றையும் புதிய கேபினெட்டுக்குள் மாற்றினார். பட்டனை அழுத்தினார். ஃபேன் அரைச் சுற்று சுற்றியது. நின்றது.

மறுபடி அழுத்தினார். அரைச் சுற்று. நின்றது.

"அப்புறம்?" என்றார் அம்மை, வேட்டியொன்றைப் பிழிந்தபடி.

"நேத்து நடுவுல நான் கை கழுவப் போனேன், அம்மா. திரும்பி வந்தா, திறந்து கிடக்கிற கேபினெட்டுக்குள்ள இவன் கை. தடவிக்கிட்டு நிக்கிறான். கேட்டா, பட்டன் எந்தப் பக்கம்னு பார்த்தேங்கிறான்."

"ம்."

"அப்பதான் எதையோ பிடுங்கிட்டான். இல்லாட்டி எதையோ ஒடிச்சுட்டான்."

"என்ன ஒடிஞ்சிருக்கு?"

"தெரியலை. ராம் கார்டைக் கழட்டி மாட்டிட்டேன். வயரெல்லாம் சரியா இருக்கு. பவர் சப்ளை நல்லா இருக்கு."

"பழைய பெட்டியில ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"புதுசுல ஓடலை."

"ஆமா."

"அங்கேருந்து இங்க கொண்டுவந்தது யாரு?"

தாண்டவராயனுக்கு முகம் சிவந்தது. "நான்தான். அதுக்காக? நான் கெடுப்பேனா?"

அம்மை வேட்டியை உதறிக் கொடியில் போட்டார்.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க."

"மூணு தரம் பார்த்துட்டேன், அம்மா!"

"பார்த்தது போதும். எடுங்க."

எடுத்தார்.

ஒவ்வொரு திருகையும் யார் கழுத்தையோ திருகுவது போலக் கழற்றினார். வயர்களைப் பிடுங்கினார். தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டார். "நல்லதுக்குக் காலமில்ல. செஞ்சவன் தப்புப் பண்ணினவனாம். கை வெச்சவன் யோக்கியனாம்."

மதர்போர்டை வெளியே எடுத்து மரப்பலகை ஒன்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

மாசிலாமணி. தோளில் பை.

தாண்டவராயனைத் தாண்டி, உள்ளே வந்து உட்கார்ந்திருந்த அம்மையின் பக்கம் திரும்பிப் பேசினார். "அம்மா, அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். பதினொன்றரை பஸ்ஸுக்கு."

"எப்ப வர்றீங்க?"

"தெரியலை."

"பாடம்?" என்றது தாண்டவராயன்தான். கேட்டிருக்க வேண்டாம். வாய் முந்திவிட்டது.

மாசிலாமணி குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"வெட்டறதுக்கு நல்ல கையா வேற பார்த்துக்குங்க."

ஐயா என்று சொல்லவில்லை. ஏழு வருஷமாக மடத்தில் இருப்பவர். ஐயா போடாமல் அவர் யாரிடமும் பேசித் தாண்டவராயன் கேட்டதில்லை.

அம்மை மாசிலாமணியைத் தடுக்கவில்லை. "வெயில்ல நிக்காதீங்க. புளியமரத்து நிழல்ல இருங்க" என்று மட்டும் சொன்னார்.

கைத்தடிச் சத்தம் வாசலைத் தாண்டித் தேய்ந்தது.

"பார்த்தீங்களா? மடியில கனம். ஓடுறான்" என்றார் தாண்டவராயன்.

அம்மை அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அம்மையிடம் அவர் அதைப் பார்த்ததில்லை. அது சத்தம் போடாத கோபம். தாண்டவராயன் சட்டென்று பலகைப் பக்கம் குனிந்துகொண்டார்.

பவர் சப்ளையை இணைத்தார். ராம், ஹார்ட் டிஸ்க், திரை, ஸ்பீக்கர். பெட்டி இல்லை, அதனால் பட்டனும் இல்லை. போர்டில் பட்டன் வயர் மாட்டும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டார்.

ஃபேன் சுற்றியது.

நிற்காமல் சுற்றியது.

திரை வெளிச்சமானது. ஸ்பீக்கரிலிருந்து அந்தக் கீச்சுக் குரல் கிளம்பி, மாசிலாமணிக்கு என்னென்னவோ வாசித்துக் காட்ட ஆரம்பித்தது. தாண்டவராயனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அதை நிறுத்தவும் தெரியவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

"ஓடுது, அம்மா!"

"எதுவும் ஒடியலையே?"

"ஒடியலை."

"பிடுங்கினது?"

"இல்ல."

அம்மை எழுந்து சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

தாண்டவராயன் மதர்போர்டைத் திரும்பக் கேபினெட்டுக்குள் இறக்கினார். திருகுகளை முடுக்கினார். பட்டனை அழுத்தினார்.

அரைச் சுற்று. நின்றது.

ஓங்கி ஒரு உதை விட்டார். தகரம் அலறியது. கால் கட்டைவிரல் அதைவிடப் பெரிதாக அலறியது. காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர், கேபினெட்டைத் திட்டினார். அதைச் செய்தவனைத் திட்டினார். வாங்கி அனுப்பிய அன்பரைத் திட்டினார். உப்புக் காற்றைத் திட்டினார். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும் அறை அமைதியானது.

வெளியே ஓடியது. உள்ளே ஓடவில்லை. இப்போது மாசிலாமணி அறையில் இல்லை. யாருமே இல்லை. அவர் மட்டும்தான்.

மெதுவாக மறுபடி போர்டைக் கழற்றினார். இந்தத் தடவை எதையும் பிடுங்கவில்லை. போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

பின்பக்கம் ஓரமாக, ஈயப் புள்ளிகளுக்கு நடுவே கடுகளவு கறுப்புத் தடம்.

அதற்கு நேராகக் கேபினெட்டுக்குள் பார்த்தார். ஒரு பித்தளைக் கால் நின்றது.

போர்டு தகட்டில் படாமல் இருப்பதற்காக அதைச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்களின் மேல்தான் உட்கார வைப்பார்கள். போர்டில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதற்கு நேராக மட்டும் கால் இருக்க வேண்டும். இந்தக் கால் இருந்த இடத்தில் ஓட்டையே கிடையாது. கால் நேராக ஈயத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தது. உயிர் வந்த மறுநொடியே ஷார்ட் ஆகி, பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

அந்தக் காலை யார் மாட்டியது என்பதில் சந்தேகமே இல்லை. கனமான வயர் ஒன்றைச் செருகும்போது போர்டு அந்த ஓரத்தில் லேசாக வளைந்தது. தாங்கட்டுமே என்று உபரியாக ஒன்றை அவரேதான் முடுக்கினார். முடுக்கும்போது, கம்பெனிக்காரனுக்குத் தோன்றாதது நமக்குத் தோன்றியதே என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டதும் நினைவிருந்தது.

காலைத் திருகி எடுத்தார். போர்டை இறக்கினார். பட்டனை அழுத்தினார்.

ஓடியது.

சமையற்கட்டு வாசலில் போய் நின்றார்.

"அம்மா, சரியாயிடுச்சு."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சமையல்காரி அஞ்சலை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"ஏதோ ஒரு ஷார்ட்."

"ஏதோவா?"

தாண்டவராயன் அஞ்சலையை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் இப்படி வாங்களேன், அம்மா."

அம்மை எழுந்து வந்தார். முற்றத்து மூலையில் நின்று தாண்டவராயன் அவர் காதோடு காதாகச் சொன்னார். "நான்தான். ஒரு கால் கூடுதலா வெச்சுட்டேன்."

"பஸ் இன்னும் வந்திருக்காது" என்றார் அம்மை.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். வீங்கிய கட்டைவிரல் மணலில் படும்போதெல்லாம் உயிர் போயிற்று.

புளியமரத்தடியில் மாசிலாமணி தனியாக நின்றிருந்தார். ஓடி வருகிற மூச்சைக் கேட்டே யாரென்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முகம் இறுகியது.

"ஓடுது" என்றார் தாண்டவராயன்.

"சந்தோஷம்."

"நான்தான் தப்பா மாட்டியிருந்தேன். உன் மேல தப்பில்ல."

"அது எனக்கு நேத்தே தெரியும்."

"மன்னிச்சுக்க. கிளம்பு, போகலாம். பாடம் கிடக்குது."

மாசிலாமணி அசையவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அது ஓடாமலே போயிருந்தா?"

"என்ன?"

"போர்டு எரிஞ்சு, என்ன கோளாறுன்னே தெரியாமப் போயிருந்தா? இப்படி ஓடி வந்திருப்பீங்களா?"

தாண்டவராயன் வலித்த காலை மாற்றி ஊன்றினார்.

"வந்திருக்க மாட்டீங்க. நான் சாகுற வரைக்கும் கம்ப்யூட்டரை ஒடிச்சவன்தான். மிஷின் நல்லவன்னு சொன்னா நான் நல்லவன். மிஷின் ஒண்ணும் சொல்லலைன்னா?"

"அதான் மன்னிப்புக் கேட்டாச்சுல்ல!" குரல் தன்னால் ஏறியது. "வயசுல பெரியவன். வெறுங்காலோட ஓடி வந்திருக்கேன். இதுக்கு மேல என்ன?"

மாசிலாமணி கைத்தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"நேத்து என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மதியம், எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். பட்டன் எந்தப் பக்கம்னு பார்த்தேன் என்று மாசிலாமணி சொன்னதும், "நீ பார்த்தியா?" என்று இவர் கத்தினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் இன்னும் ஒன்றும் சொன்னார்: "கண்ணுதான் இல்ல, கையாவது சும்மா கிடக்கக் கூடாதா?"

"இன்னிக்குக் காலையில அஞ்சலை அக்கா காப்பி கொண்டுவந்தாங்க" என்றார் மாசிலாமணி. "எப்பவும் டம்ளரை என் கையில குடுப்பாங்க. இன்னிக்கு எட்டத் தள்ளி வெச்சுட்டு, பார்த்து எடு, பக்கத்துல பால் இருக்கு, தட்டிடாதன்னாங்க. ஏழு வருஷத்துல நான் எதையாவது தட்டியிருக்கேனா? கேட்டுப் பாருங்க."

தாண்டவராயன் தலைகுனிந்தார்.

"வாசிக்க வர்ற டீச்சர் மைக்கை எடுத்து உயர வெச்சுட்டாங்க. நான் கேக்கவே இல்ல. அவங்களா, 'பத்திரமா இருக்கட்டும்'னாங்க. என் கையைப் பார்த்து இந்த மடத்துல யாரும் பயந்ததில்ல. ஒரே நாள்ல பயப்பட வெச்சுட்டீங்க."

பஸ் வந்தது. கண்டக்டர் கை கொடுத்தார். மாசிலாமணி அந்தக் கையைத் தவிர்த்துக் கம்பியைப் பிடித்து ஏறினார்.

புழுதி அடங்கும்வரை தாண்டவராயன் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி நடந்தார். நடக்க நடக்க வெட்கம் சூடேறியது. சூடேறி ஏறி, மடத்து வாசலை மிதிக்கும்போது அது மறுபடியும் கோபமாகிவிட்டிருந்தது.

அம்மை முற்றத்தில் நின்றிருந்தார்.

"போயிட்டான். வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன், அம்மா. என் அப்பன்கிட்டகூடக் கேட்டதில்ல. பெத்த மகன்கிட்டக் கேட்டதில்ல. இவன்கிட்டக் கேட்டேன். மதிக்கலை. பஸ் ஏறிட்டான். இன்னும் என்ன செய்யணும்? காலில விழணுமா?"

"எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"பஸ் ஸ்டாப்புல."

"அங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

"திட்டினது எங்க?"

தாண்டவராயன் காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"சாப்பாட்டுக் கூடத்துல" என்றார் கடைசியில்.

அம்மை சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு நடந்தார். அங்கே கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தார்.

சாப்பாட்டு நேரம் ஆகவில்லை. என்றாலும் சத்தம் கேட்ட பழக்கத்தில் ஆட்கள் வந்தார்கள். அஞ்சலை கையில் அகப்பையோடு வந்தாள். மாட்டுக் கொட்டிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதிவு அறையிலிருந்து டீச்சர் வந்தார். நேற்றுச் சிரித்தவரும் வந்தார். என்ன ஏது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, இலை போடாத தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அம்மையும் போய் அந்த வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். தாண்டவராயனை நிமிர்ந்து பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள்.

தாண்டவராயன் கோபப்பட முயன்றார். யார்மேல் படுவதென்று தெரியவில்லை. கால் விரல் தெறித்தது. அம்மையின் அருகே போய்க் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் முணுமுணுத்தார்.

"அவனே இங்க இல்லையே, அம்மா. அவன் இல்லாம, இவங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அவருக்குத்தான் தெரியுமே" என்றார் அம்மை, எல்லோருக்கும் கேட்கும்படி. "தெரியாதவங்க இவங்கதான்."